சாப்பாடு ஒத்துவருமா?

அன்பு மகளுக்கு,

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரோடு சாப்பாடு ஒத்துவருமா என்று நீ கேட்டதற்கு, போனிலேயே "அதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி முடித்திருக்கலாம். சில விஷயம் சரியாகும், சில விஷயம் சாகும்வரை ஆகாது. எது எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் அசைவம், நீ சைவம். அவருக்குக் காரம் வேண்டும், உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் நிம்மதியாக இருக்க முடியும். ஆனால் ஒருவர் "வேண்டாம்" என்றால் அது எந்த வகை "வேண்டாம்" என்று மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உணவு வெறுப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பால் ரோசின் இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நாக்குக்குப் பிடிக்காதது ஒன்று. உடம்புக்கு ஆகாதது ஒன்று. அது என்ன என்று நினைத்தாலே குமட்டுவது இன்னொன்று. கொள்கைக்காக, நம்பிக்கைக்காக விலக்குவதையும் நான் கடைசி வகையோடுதான் சேர்ப்பேன், ஏனென்றால் வீட்டில் இரண்டையும் நடத்த வேண்டிய விதம் ஒன்றுதான்.

நாக்கு விஷயம் எளிது. கசப்பை எல்லோரும் ஒரே அளவில் உணர்வதில்லை. 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு தூள் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த வேறுபாட்டுக்குப் பெரும்பங்கு காரணமான மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு மாதிரி நாறுவதிலும் மரபணுவுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. ஆகவே அவர் ஒரு கீரையைத் தள்ளிவைத்தால் உன் சமையலைக் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. பழக்க நினைத்தால் ஒரு தேக்கரண்டி அளவு, பசியோடு இருக்கும் நேரத்தில், வேறு வேறு நாட்களில் பத்துத் தடவைக்கு மேல் வைத்துப் பார்க்கலாம். அவர் வாயில் வைக்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கட்டாயப்படுத்திய அன்றைக்கே கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

சிலருக்கு இது விருப்பு வெறுப்பைத் தாண்டியது. உணவின் பதமோ வாசனையோ தாங்க முடியாமல் விரல்விட்டு எண்ணும் சில பண்டங்களிலேயே வாழ்வார்கள், எடை குறையும், சத்துக் குறையும். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்-5 என்ற, 2013-ல் வந்த கையேட்டில் இதைத் தனிக் கோளாறாகவே சேர்த்திருக்கிறார்கள். அந்த நிலை என்றால் உன் பொறுமையை மட்டும் நம்பாதே, மருத்துவரிடம் போகச் சொல்.

உடம்புக்கு ஆகாதது என்றால் பேரமே கிடையாது. பால் குடித்தால் வயிறு உப்புவதும் ஒவ்வாமையும் ஒன்றல்ல. முதலாவதில் அளவைக் குறைத்தாலே பலருக்குப் போதும். இரண்டாவதில் கரண்டி முனையில் ஒட்டியதுகூட ஆபத்தாகலாம், சூடாக்கினால் போய்விடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. இனி எழுதப்போவது உனக்குச் சங்கடமாக இருந்தாலும் படி: வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவரை, வேர்க்கடலை தின்ற வாயோடு முத்தமிடுவதும் ஆபத்துதான். எச்சிலில் அது தங்குகிறது. பல் துலக்கினால் குறையும், ஆனால் முழுதும் போகும் என்று உறுதியில்லை. பல மணி நேரம் இடைவெளி விட்டு, நடுவில் அது கலக்காத ஒரு வேளைச் சாப்பாடும் ஆகியிருந்தால் நல்லது. அவருக்கு அப்படிக் கடுமையான ஒவ்வாமை இருந்தால் அட்ரினலின் ஊசிக் கருவி வீட்டில் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் உனக்குத் தெரிய வேண்டும். தொடையின் வெளிப்புறம், நடுப்பகுதியில் போட வேண்டும். எத்தனை வினாடி அழுத்திப் பிடிப்பது என்பது கருவிக்குக் கருவி மாறும், உறையைப் படித்து வைத்துக்கொள். போட்டதும் தேறிவிட்டார் என்றாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

இனி மூன்றாவது வகை. உன் "வேண்டாம்" இதில்தான் வருகிறது, சண்டை கிளம்புவதும் இங்கேதான். நாக்குக்குப் பிடிக்காத பண்டத்தை எடுத்துப் போட்டுவிட்டால் மிச்சத்தைச் சாப்பிடலாம். குமட்டுகிற பண்டம் தொட்ட பாத்திரமே கெட்டுப்போகும். "துண்டைத்தான் எடுத்துவிட்டேனே, சாறை மட்டும் ஊற்றிக்கொள்ளேன்" என்று அவர் சொன்னால், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன்னுடையதை முதல் வகை என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார். அதைக் கோபப்படாமல் ஒரு தடவை விளக்கிவிடு. அவர் தட்டைப் பார்த்து நீ முகம் சுளிப்பதும் அதே அளவுக்குப் புண்படுத்தும் என்பதையும் மறக்காதே.

சமையலறையில் செய்ய வேண்டியது இதுதான். முதலில் பொதுவானதைச் சமைத்து மூடிவை, அதற்குப் பிறகு இறைச்சி. ஒரே அடுப்பு போதும். ஆனால் வெட்டும் பலகை, மரக்கரண்டி, இரும்பு வாணலி மூன்றும் தனித்தனி வேண்டும். மரம் உறிஞ்சும், பழக்கிய இரும்பில் கொழுப்புப் படிந்து நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் முழுக்கப் போகாது. எவர்சில்வரும் கண்ணாடியும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பெரும்பாலும் காலை வாருவது கரண்டிதான். ஒன்றைக் கிளறிய கையோடு அடுத்ததில் விட்டுவிடுவோம். கைப்பிடியில் ஒரு நிற நூலைச் சுற்றிவை. பொரித்த எண்ணெயைப் பொதுவில் வைக்காதே. பச்சை இறைச்சி மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும், மேலே வைத்தால் கீழே இருப்பதன்மேல் சொட்டும். குளிர் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. மீன் வாடைக்குக் காரணமான டிரைமெதிலமைன் புளிப்பில் அடங்கும். பாத்திரத்தை முதலில் வினிகரோ எலுமிச்சையோ விட்டுத் துடைத்துப் பிறகு சோப்பைப் போடச் சொல். வாடையை வெளியே இழுக்கும் மின்விசிறியை அடுப்பு அணைந்த பிறகும் கால்மணி நேரம் ஓடவிடு.

காரத்துக்கு வேறு வழி. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தாளிக்கும்போதே போட்டுவிட்டால் பாத்திரம் முழுக்கப் பரவிவிடும், திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அடிப்படையைக் காரமில்லாமல் முடி. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, புகை இல்லாதபோது ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளைப் போட்டுத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடு. புகைகிற எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். அவருக்கு வேண்டியதை அவர் தட்டில் ஊற்றிக்கொள்ளட்டும். உனக்குத் தவறிப்போய் எரிந்தால் தண்ணீரைத் தேடாதே, பால் குடி. காரம் படுவது நாக்கில் சூட்டை உணர்ந்து நரம்புக்குச் சொல்லும் ஏற்பியில். டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி 1997-ல் அதைக் கண்டறிந்தார், 2021-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். தொடர்ந்து சாப்பிட்டால் அந்த ஏற்பி மரத்துப்போகும். ஆகவே உன் அளவு கொஞ்சம் ஏறும், ஆனால் அவர் அளவுக்கு வந்தே தீர வேண்டும் என்று ஒன்றுமில்லை.

ஒரே பண்டத்தைச் சேர்ந்து சாப்பிடுவதற்கும் ஒரு பலன் இருக்கிறது. கெய்ட்லின் வூலி, அயலட் ஃபிஷ்பாக் இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரே தின்பண்டம் தின்றால் ஒருவரையொருவர் கூடுதலாக நம்பினார்கள். அதனால் இருவருக்கும் உண்மையாகவே பிடித்த பண்டங்கள் எட்டாவது இருக்க வேண்டும் என்பேன். வாரத்தில் நாலு வேளை அதிலிருந்து சமையுங்கள், மிச்ச வேளை அவரவர் இஷ்டம். எட்டு தேறாவிட்டால் புதிதாக இரண்டைச் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். சாப்பாட்டு நேரமும் வேறு என்றால், பசிக்கிறவர் சிறிதாக ஏதாவது தின்றுவிட்டு மற்றவரோடு உட்காரலாம். பொதுச் செலவில் பொதுவானது மட்டும் இருக்கட்டும், இறைச்சியும் உன் விலையுயர்ந்த பழங்களும் அவரவர் பையிலிருந்து.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் சமாதானம் சொல்ல மாட்டேன். தெரியாமல் கலந்து கொடுத்துவிட்டு "சாப்பிட்டாயே, ஒன்றும் ஆகவில்லையே" என்று சிரிக்கிறவரோடு வாழாதே. வேறு ஊர், வேறு ருசி எதுவும் அதற்குச் சாக்காகாது. மற்றவர் முன்னால் உன் தட்டைக் கேலி செய்வதை ஒரு தடவை சொல்லித் திருத்தப் பார். அதற்குமேலும் தொடர்ந்தால் அதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்.

குழந்தை பிறந்தால் அது என்ன சாப்பிடும் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், முதல் கவளம் ஊட்டும் நாளில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து தீர்மானித்துவிடுவார்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இருவரும் தனித்தனியாக ஒரு தாளில், தொடமாட்டேன் என்பதையெல்லாம் மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை ஒருவர் பார்க்க வேண்டாம். மூன்றாவது வகையில் அவர் என்ன எழுதினார் என்று எனக்கும் சொல், நீங்கள் இங்கே வரும்போது அம்மா அதற்குத் தகுந்தபடி சமைப்பாள்.

அன்புடன்,
அப்பா