செல்வி அக்காவுக்கு: மாத்திரையை நிறுத்தாதீர்கள், காகிதங்களைக் கேளுங்கள்

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

வணக்கம். மனநோய்க்குக் கொடுத்த மாத்திரையால் தம்பி பாதிக்கப்பட்டதற்கு மருத்துவமனை மீது வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியோடு வேறு சிலரும் வருவதால், உங்கள் சம்மதத்தோடு, பெயரை மாற்றி இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

"லித்தியம் என்ற விஷத்தைக் கொடுத்துத் தம்பியைக் கெடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மனுவில் இப்படி எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் விசாரணையிலேயே நம்மை மடக்கிவிடுவார். இருமுனை மனநோய்க்கு (அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்) லித்தியம் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் கொடுக்கப்படும் மருந்து. உங்கள் தம்பியே அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இத்தனை வருடம் வேலைக்குப் போய்வந்தார்.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மே மாத மருந்துச் சீட்டைப் பாருங்கள். மேலே லித்தியம் கார்பனேட் 300 மில்லிகிராம், வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை. அதற்குக் கீழேயே, மூட்டுவலிக்காக வேறொரு கையெழுத்தில் அசிக்ளோஃபெனாக். இந்த வகை வலி நிவாரணிகள், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். போதாக்குறைக்கு அக்னி நட்சத்திர வெயில். வியர்த்து உடம்பில் நீர் வற்றினாலும் லித்தியம் தேங்கும். ரத்தத்தில் அது வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினாலே நஞ்சாக மாறத் தொடங்கும். மருத்துவமனையில் அனுமதிக்கும்போது உங்கள் தம்பிக்கு இருந்தது 2.6. முதலில் கை நடுங்கியது, பிறகு வாந்தி, பிறகு நாக்குக் குழறல். எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிசைதான். சிலருக்கு, அளவு இறங்கிய பிறகும், உடம்பின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையில் பாதிப்பு தங்கிவிடுகிறது. அவர் இன்னும் சுவரைப் பிடித்து நடப்பது அதனாலா என்பதை நரம்பியல் மருத்துவர் ஒருவர் எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஆக, நாம் கேட்க வேண்டியவை இவைதான்: நிலையான நோயாளிக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது லித்தியம் அளவும், சிறுநீரகம், தைராய்டு சோதனைகளும் பார்ப்பது வழக்கம், அவை ஏன் நடக்கவில்லை? ஒரே கோப்பில் இரண்டு மருந்தையும் எழுதியபோது யாரும் ஏன் கவனிக்கவில்லை? என்ன பக்கவிளைவு வரும் என்று யாராவது சொன்னார்களா? மூன்றாவது கேள்விக்குச் சட்டமே துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, சிகிச்சையையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகளையும் அறியும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டது. நமக்கு ஏற்ற இடம் நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே முடிவான விஷயம். (எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் இந்தக் கதவு திறக்காது, உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான்.) மருத்துவமனை வேறு ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் தூத்துக்குடியிலேயே வழக்குப் போடலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தனியாகப் புகார் தரலாம். அங்கே இழப்பீடு கிடைக்காது. மனநோயாளிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையும் உண்டு.

எதற்கும் முன் காகிதங்கள் கைக்கு வர வேண்டும். முழு நோயாளிக் கோப்பு, செவிலியர் குறிப்புகள், எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகள், இவற்றைக் கேட்டுத் தம்பியின் கையெழுத்தோடு கடிதம் எழுதி, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. வரவேற்பில் இருக்கிற பெண் "மேனேஜர் இல்லை" என்பார். அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டுப் பயனில்லை. தபால் ரசீது பேசும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்த வரி கடைசியில் இருந்தது: பயத்தில் எல்லா மாத்திரைகளையும் வீட்டில் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். லித்தியத்துக்குப் பதில் புதிய மருத்துவர் எழுதியவற்றையும் சேர்த்தா? திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். இன்றே அந்த மருத்துவரைப் பார்த்து, நிறுத்தியதைச் சொல்லுங்கள். நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம்.

பாதிப்பு நேர்ந்தது சென்ற வருடம் மே மாதம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம்தான் கெடு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றாலும் அதை நம்பி உட்கார முடியாது. சனிக்கிழமை வரும்போது மருந்துக்கடை ரசீதுகளையும், அந்த வலி மாத்திரை அட்டை மிச்சமிருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருக்கோடி வக்கீல் தம்பி