வார்டு ஆயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

டிபி (காசநோய்) வந்து ஆஸ்பத்திரியில் இருந்த பாப்பாவுக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. எடையும் ஏறத் தொடங்கியிருக்கிறது. என்ன பாடுபட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி குழந்தைகள் வார்டு ஆயாவுக்கு. சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் விடியற்காலையில், வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து நீர் எடுத்துக் கிருமியைத் தேடினார்கள். முந்தைய இரவு தண்ணீர் கேட்டு அவள் அழுதபோது வார்டே விழித்துக்கொண்டது. ஆயா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, தன் ஊர்க் கிணற்றில் ஆடு விழுந்த கதையை அவள் தூங்கும்வரை இழுத்து இழுத்துச் சொன்னார்.

மாத்திரை தொடங்கிய அன்றும் அவர்தான். "இனி உன் மூத்திரம் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் வரும். வந்தால் முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும்" என்று பாப்பாவிடம் பந்தயம் கட்டினார். அந்த மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் குணம் அது. டாக்டரும் சொல்லியிருப்பார்; அன்றைக்கு என் காதில் எது ஏறியது? மறுநாள் கழிப்பறையிலிருந்து "ஆயா, வந்துவிட்டது!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில் அம்மாக்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அந்தப் பந்தயம் இல்லாவிட்டால், ரத்தம் என்று பயந்து நான் வீடு போனதும் மாத்திரையை நிறுத்தியிருப்பேன். ஆறு மாதம் விடாமல் கொடுக்க வேண்டிய மருந்து. ஆயாவுக்குச் சம்பளம் தரை துடைக்கத்தான் கொடுக்கிறார்கள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெறிகட்டியிருந்த இடத்தைப் பொறுமையாகக் காட்டிய டாக்டரம்மா, வீடு தேடி வந்து எல்லோரையும் பரிசோதித்து, பீடி இருமல் என்று பெயரெடுத்திருந்த மாமனாரின் இருமலைப் பிடித்த காசநோய்ப் பிரிவு ஊழியர், சின்னவனுக்குத் தடுப்பு மருந்து எழுதியவர்கள், பாப்பாவைத் தள்ளி உட்காரவைக்காத அங்கன்வாடி டீச்சர், சோறு அனுப்பிய மாடிவீட்டு அக்கா: எல்லோருக்கும் நன்றி. சோதனைக்கும் மருந்துக்கும் காசு கேட்கவில்லை. அரசு தரும் மாதம் 1000 ரூபாய் முட்டைக்கும் பாலுக்கும் போகிறது.

"பெண்பிள்ளை, நிமோனியா என்று சொல்லிவை" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சொல்ல மாட்டேன். டிபிதான். யார் வீட்டுப் பிள்ளைக்காவது இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்காமல் உடம்பு இளைத்தால் என்னைக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன்.

ஆயா, கையில் வைத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். தை மாதம் மருந்து முடிந்ததும் சேலையோடு வருகிறோம். அதையும் மறுத்தால் பாப்பாவிடம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா