1899 ஸ்கோரை இன்றைய விதியில் படிக்காதீர்கள்: விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆறு நாளில் ஐந்து ஆட்டம், ஐந்திலும் வெற்றி, எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அமெரிக்காவின் டென்னசி மலைமேல் இருக்கும் சிறிய கல்லூரியான சுவானியின் 1899 பருவத்தை எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆனால் தலைப்பில் வெறும் ‘கால்பந்து’ என்று போட்டுவிட்டு, அந்தப் பருவத்தின் 12 ஆட்டங்களில் 322க்கு 10 என்று கணக்குக் கொடுத்தால் வாசகர் திகைத்துத்தான் போவார். அமெரிக்கக் கால்பந்து என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்து, எந்த ஆண்டு விதி என்று சொல்லுங்கள். இந்த மடல் முக்கியமாக அதற்காகத்தான்.

1899இல் டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) 5 புள்ளி, அதன்பின் உதைக்கும் கோலுக்கு 1, ஃபீல்டு கோலுக்கும் (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) 5, சேஃப்டிக்கு (பந்து வைத்திருப்பவரை அவரது சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால் மடக்குவது) 2. இன்று டச்டவுன் 6, ஃபீல்டு கோல் 3. இது தெரியாமல் பழைய ஸ்கோரைப் பிரித்தால் தப்பாகத்தான் வரும். டிசம்பர் 2 அன்று அட்லாண்டாவில் சுவானி வட கரோலினா பல்கலைக்கழகத்தை 5-0 என்று வென்றது. இன்றைய கண்ணுக்கு அது ஒரு ஃபீல்டு கோல், ஒரு சேஃப்டி. நடந்ததோ ஒரே ஒரு ஃபீல்டு கோல். அதேபோல் 10-0 என்றால் இன்று டச்டவுன், உதை, ஃபீல்டு கோல் என்று மனம் கூட்டும். அன்று அது இரண்டு ஐந்து.

டச்டவுனுக்குப் பின் வரும் உதையையும் இன்றுபோல் சடங்காக நினைக்காதீர்கள். இன்று அது கோல் கம்பத்துக்கு நேரே வைத்து உதைப்பது. அன்று பந்தைத் தரையில் தொட்ட இடத்துக்கு நேர்கோட்டில்தான் பின்னால் கொண்டுவந்து உதைக்க வேண்டும். மைதான மூலையில் தொட்டால் கோணம் கெட்டது. நவம்பர் 30 அன்று ஆபர்ன் அணியை 11-10 என்று வென்ற ஆட்டத்தை 6+5, 5+5 என்று பிரித்துப் பாருங்கள். ஒரு உதையின் விலை தெரியும். அந்தப் பருவம் முழுக்க சுவானி விட்டுக்கொடுத்த புள்ளிகள் அந்தப் பத்துதான்.

பயணத் தேதிகளிலும் கவனம் வேண்டும். எதிரணிகள் எல்லாம் பல்கலைக்கழக, கல்லூரி அணிகள். நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சாஸ் 12-0, 10 ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் 10-0, 11 நியூ ஆர்லியன்ஸில் டுலேன் 23-0. 12 ஞாயிறு, ஆட்டமில்லை. 13 பேட்டன் ரூஜில் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34-0, 14 மெம்ஃபிஸில் மிசிசிப்பி 12-0. ‘ஐந்து நாளில் ஐந்து’ என்று எழுதினால் அந்த ஞாயிறு காணாமல் போகிறது. ‘ஐந்தும் எதிரணி மண்ணில்’ என்பதும் சரியில்லை: ஹூஸ்டன் ஏ அண்ட் எம்மின் ஊர் அல்ல, மெம்ஃபிஸ் மிசிசிப்பி மாநிலத்திலேயே இல்லை.

எங்களைக் கேட்டால், வியக்க வேண்டியது புள்ளிகளை அல்ல. அன்றைய விதிப்படி ஆட்டத்திலிருந்து வெளியேறியவர் மறுபடி உள்ளே வர முடியாது. அதே பதினொரு பேர்தான் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். பந்தை முன்னோக்கி எறிவது 1906இல்தான் அனுமதிக்கப்பட்டது. மூன்று டவுனுக்குள் (முயற்சிக்குள்) ஐந்து கெஜம் போனால் போதும் என்பதால், குவியலாகக் கூடி முட்டித் தள்ளி இரண்டிரண்டு கெஜமாக நகர்வதுதான் ஆட்டம். ஹெல்மெட் கட்டாயமில்லை. அப்படி முட்டிய உடம்போடு இரவு ரயிலில் தூங்கி, மறுநாள் வேறு ஊரில் இறங்கி மறுபடி முட்ட வேண்டும். மொத்தப் பயணம் ஏறக்குறைய 2,500 மைல். வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சொந்த ஊர் ஊற்று நீரை இரண்டு பீப்பாயில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது இன்றும் சொல்லப்படுகிறது. ‘வினோதம்’ என்று பெட்டிச் செய்தியில் தள்ள வேண்டிய விஷயமில்லை அது. வயிறு கெட்டால் ஆள் போச்சு.

இத்தனை ஆட்டத்தை ஏன் ஒரே வாரத்தில் அடுக்கினார்கள் என்றும் எழுதுங்கள். வசூல் பங்குத் தகராறில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடனான அந்த ஆண்டு ஆட்டம் நின்றுபோனது. அந்தப் பணத்தை ஈடுகட்டத்தான் மாணவ மேலாளர் லூக் லீ, பின்னாளில் செனட்டர் ஆனவர், இந்தச் சுற்றை ஏற்பாடு செய்தார். வீரக்கதைக்கு அடியில் கல்லாப்பெட்டி இருந்தது!

‘முதல் கால்பகுதியில்’ என்று எழுதாதீர்கள். கால்பகுதிகள் 1910இல் வந்தவை. 1899 விதிப்படி பாதிக்கு 35 நிமிடம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அதையும் குறைக்கலாம். ஆடிய நேரம் தெரியாமல் ஓர் ஆட்டத்தின் 34ஐ இன்னோர் ஆட்டத்தின் 12ஓடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ‘தரவரிசையில் முதலிடம்’ என்பதும் வேண்டாம். பத்திரிகையாளர்கள் வாக்களித்து அணிகளை வரிசைப்படுத்தும் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) வாக்கெடுப்பே 1936இல்தான் வாராவாரம் வரத் தொடங்கியது.

நாங்கள் கேட்பது ஒரு வரி. ஸ்கோர் பட்டியலுக்குக் கீழே சிறிய எழுத்தில்: ‘1899 விதி: டச்டவுன் 5, கோல் 1, ஃபீல்டு கோல் 5, சேஃப்டி 2.’ இடம் போதவில்லை என்றால் அணியின் புகைப்படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். பெயரையும் ‘செவானி’ என்று போட்டுவிடாதீர்கள், ‘சுவானி’.

இப்படிக்கு,
பழைய ஆட்டக் கணக்குகளை விதிப்புத்தகத்தோடு வைத்துப் படிக்கும் சிலர்