வெற்றி வாய்ப்பு பாதியைத் தாண்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடந்த ஞாயிறு இதழில் போக்கர் என்ற சீட்டாட்டம் பற்றி வெளியான கட்டுரை, எதிராளி தன் சிப்புகள் (பந்தய வில்லைகள்) அனைத்தையும் பணயம் வைத்து ஓல்-இன் செய்யும்போது நம் கையிலுள்ள சீட்டுகளின் வெற்றி வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால் தயங்காமல் கோல் செய்யலாம், அதாவது நாமும் அதே அளவு சிப்புகளை வைத்து மோதலாம் என்கிறது. சிப்பு ஒவ்வொன்றும் நேரே பணமாக மாறும் மேசையில் அது சரி. சுற்றுப்போட்டியில், இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்ற அனைவருக்கும் பரிசு உறுதி என்ற ‘பபிள்’ கட்டத்தில், அது பிழையான அறிவுரை. உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் இதைக் கணக்கிட்டே காட்டுகிறேன்.

நால்வர் சம அளவு சிப்புகளோடு எஞ்சியிருக்க, முதல் மூவருக்கு 50,000, 30,000, 20,000 ரூபா எனப் பரிசுகள் இருப்பதாகக் கொள்வோம். இப்போது ஒவ்வொருவரின் இடமும் 25,000 ரூபா பெறும். கோல் செய்து வென்றவரின் சிப்புகள் இரட்டிக்கின்றன. ஆனால் அவருடைய இடத்தின் பெறுமதி இரட்டிப்பதில்லை. குதிரைப் பந்தய முடிவுகளை மதிப்பிடப் புள்ளியியலாளர் ஹார்வில் 1973இல் வகுத்த சூத்திரத்தின்படி, அவர் முதலிடம் பெறும் நிகழ்தகவு 1/2, இரண்டாமிடம் 1/3, மூன்றாமிடம் 1/6. ஆகவே பெறுமதி ஏறத்தாழ 38,333 ரூபா. அதாவது 13,333 ரூபாவைப் பெறுவதற்காக 25,000 ரூபாவைப் பணயம் வைக்கிறோம். சீட்டுகளைப் பார்க்கும் முன்பே முறைப்படி கட்ட வேண்டிய பிளைண்ட் தொகையைக் கணக்கில் எடுக்காவிட்டால், இதற்குத் தேவையான வெற்றி வாய்ப்பு 65 சதவீதத்துக்கும் சற்று அதிகம்.

அந்த எல்லை எவ்வளவு உயரமானது என்பதைப் பலர் உணர்வதில்லை. எதிராளி எந்த இரண்டு சீட்டுகளோடும் ஓல்-இன் செய்யக்கூடியவர் என்றே வைத்துக்கொண்டாலும், நம் கையிலுள்ள வெவ்வேறு இனத்து ஏஸும் கிங்கும் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 65 சதவீதம்தான். அவரிடம் இரண்டு குயீன்கள் இருந்தால் அது 43 சதவீதமாகக் குறைந்துவிடும். மேசையில் வேறொருவர் மிகச் சில சிப்புகளோடு தவித்துக்கொண்டிருந்தால், அவர் முதலில் வெளியேறும் வரை காத்திருப்பது இன்னும் இலாபம் என்பதால் எல்லை மேலும் உயரும். முதலில் ஓல்-இன் செய்பவரின் நிலை வேறு: மற்றவர்கள் அஞ்சி விலகுவதாலேயே அவர் வெல்லலாம், கோல் செய்பவருக்கு அந்த வசதி இல்லை.

இந்தக் கணக்கு எல்லாப் போட்டிகளுக்கும் அப்படியே பொருந்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வென்றவருக்கே முழுப் பரிசும் என்றால் கட்டுரையின் விதியே சரி. பெரிய போட்டிக்கான நுழைவுச்சீட்டைப் பலருக்குச் சமமாக வழங்கும் தகுதிச் சுற்றில், போதிய சிப்புகள் வைத்திருப்பவர் மிகச் சிறந்த தொடக்கக் கையான இரண்டு ஏஸ்களையும் ஆடாமல் மடித்துவைப்பதே சரியாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. நம்மிடமுள்ள சிப்புகளை அடுத்த பிளைண்டே விழுங்கிவிடும் என்றால் காத்திருப்பதன் பயன் குறைந்து, எல்லையும் தாழும்.

கொழும்பில் நண்பர்களாகக் கூடி, கைப்பணம் கட்டி இவ்வாட்டத்தை ஆடும் இளைஞர்கள் அக்கட்டுரையை நம்பியே முடிவெடுக்கக்கூடும். ஆகவே அதே பக்கத்தில் இந்தத் திருத்தத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.