மகமை இல்லாத விருதுநகரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விருதுநகரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். கரிசல் காட்டுப் பருத்தி, 1876-இல் வந்த ரயில், விருதுபட்டி 1923-இல் விருதுநகரானது, எல்லாம் இருந்தன. வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று பொதுக்காரியத்துக்கு ஒதுக்கி வைக்கும் ‘மகமை’ என்ற சொல்தான் எங்கும் இல்லை. அதை விட்டுவிட்டு எழுதினால் எங்கள் ஊர் கதை வெறும் மார்க்கெட் நிலவரம் ஆகிவிடும்.

என் அப்பா பஜாரில் ஒரு கமிஷன் கடையில் மூட்டை தூக்கினார். லீவு நாளில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். வத்தல் மூட்டை பிரித்தால் தெருவே தும்மும். வாங்க வந்த அண்ணாச்சி குத்தூசியால் சாக்கைக் குத்தி, சரிந்து விழும் துவரம் பருப்பை உள்ளங்கையில் ஏந்தி, தூசியை ஊதிவிட்டு ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். விலை படிந்ததும் கணக்குப்பிள்ளை சிட்டை, அதாவது கணக்குச் சீட்டு, போடுவார். ஏற்றுகூலிக்குக் கீழே மகமை என்று ஒரு வரி, மூட்டைக்கு இவ்வளவு என்று. “அது யாருக்குப்பா?” என்று கேட்டேன். “நீ படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு” என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாக்கில் போட்டிருக்கும் மார்க்கை வைத்துத்தான் எது எந்தக் கடைச் சரக்கு என்று பிரிப்பார்.

1889-இல் தொடங்கிய எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் சத்திரிய வித்தியாசாலை இப்படித்தான் வளர்ந்தது. உள்ளே வர உரிமையில்லை என்று தடுக்கப்பட்ட கமுதி கோயிலுக்குள் போனதற்காக நாடார்கள் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை வழக்காடித் தோற்ற காலம் அது. பள்ளிக்கூடத்தைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் மகமை கொடுத்தார்கள், பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். பின்னால் முதலமைச்சராகி மதிய உணவு போட்டவருக்கு, ஒரு பிடி அரிசி என்ன செய்யும் என்று சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

சங்கரலிங்கனாருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். ‘தமிழ்நாடு’ என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956-இல் இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்து உயிர்விட்டவர் எங்கள் ஊர்க்காரர்.

பழைய சிட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டிருக்கும் கணக்குப்பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கரையான் அரிப்பதற்குள் உங்கள் நிருபரை ஒரு நாள் தெப்பக்குளத்துப் பக்கம் அனுப்புங்கள். காலையில் வெள்ளென வந்தால் நிதானமாகப் பேசுவார்கள். லாரி வந்துவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

ஒரு வாசகர்,
விருதுநகர்