தாகம் இருந்தால் தண்ணீர் இருக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடவுள் நம்பிக்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாகம் இருப்பதே தண்ணீர் இருப்பதற்குச் சாட்சி, அதுபோல நமக்குக் கடவுள் தேவைப்படுவதே அவர் இருப்பதற்குச் சாட்சி என்கிறார் கட்டுரையாளர். கானல்நீரைப் பார்த்து ஓடுகிறவனும் தாகம் எடுத்தவன்தானே?

நான் நம்பிக்கை இல்லாதவன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு ஓர் அறுவை சிகிச்சை. நாலு மணி நேரம். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே மனைவி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் இருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். சுவர் வரை ஒற்றைப்படையில் முடிந்தால் மகள் பிழைத்துக்கொள்வாள் என்று எப்போது முடிவு கட்டினேனோ, தெரியாது. இரட்டைப்படையில் முடிந்தது. ஓரத்தில் வெட்டிப் பதித்த துண்டு ஒன்று இருந்தது. சரி, அதையும் சேர்த்துக்கொள்வோம் என்று மறுபடி எண்ணினேன்.

1948இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை தீனி கிடைக்கும்படி வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று மேல்மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. (இதற்கு வேறு விளக்கம் சொன்னவர்களும் உண்டு.) அந்த வராந்தாவில் நான் ஏழாவது புறா. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக் கடலின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கண்டதும் இதுதான்: ஆபத்தில்லாத காயலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் சொன்னதில்லை, ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் மந்திரமெல்லாம்.

இதை வைத்தே ‘பார்த்தாயா, கடவுள் இல்லை’ என்பார்கள் என் நாத்திக நண்பர்கள். அதுவும் அவசரம்தான். பயந்துபோய் ஒருவன் கதவைப் பூட்டினான் என்பதால் வெளியே திருடன் இல்லை என்று ஆகிவிடாது. கடவுள் உண்டா என்பது ஒரு கேள்வி; நமக்கு ஏன் அவர் தேவைப்படுகிறார் என்பது வேறு. கட்டுரையாளர் இரண்டாவதன் விடையை முதலாவதற்கு எழுதிவிட்டார்.

முதல் கேள்வியில் நான் இடறுவது பழைய இடத்தில்தான். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாள். காலையில் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் நிலம் நடுங்கியபோது தேவாலயங்களில் கூட்டம் நிரம்பியிருந்தது. அவர்கள் சொன்ன ஜெபத்தில் என்ன குறை?

டாக்டர் வெளியே வந்து ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றார். மனைவி அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள், மேலே பார்த்து இன்னொன்று. நான் டாக்டருக்கு மட்டும்தான். அப்புறம், யாரும் பார்க்காதபோது, அந்தத் துண்டு டைலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்