கேஸ் கிளாஸ்ல பக்கத்து சீட்ல இருந்த அக்காவுக்கு நன்றி

வெளிநாட்டுல எம்பிஏ சேர்ந்த புதுசு, கேஸ் டிஸ்கஷன்ல (ஒரு கம்பெனியோட பிரச்சினைய எடுத்து கிளாஸே விவாதிக்கறது) பேசினாதான் மார்க்கு, ஆனா அங்க புரொபசரையே பேர் சொல்லி கூப்பிட்டு மறுத்துப் பேசறாங்க, ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிச்சிடறாங்க, எனக்கு வாயே வரல.

அக்கா, நான் கேக்கவே இல்ல, நீங்களா என் நோட்ட எட்டிப் பாத்தீங்க. பிக்சட் காஸ்ட்ட (எவ்வளவு வித்தாலும் மாறாத செலவு) ஒரு யூனிட் கான்ட்ரிப்யூஷனால (ஒண்ணோட விலையில அதுக்கான மாறும் செலவு போக மிச்சம்) வகுத்து பிரேக்ஈவன், அதாவது நஷ்டமில்லாம இருக்க எத்தன விக்கணும்னு, போட்டிருந்தேன், அந்த வரிய விரலால தொட்டுட்டு "இவங்க கணக்கு போட்டிருக்காங்க, கேப்போம்"னு கிளாஸ்ல சொல்லி எனக்கு வழி விட்டீங்க. உங்க பாயிண்டா சொல்லியிருந்தா மார்க் உங்களுக்குத்தான் போயிருக்கும், யாருக்குங்க அந்த மனசு வரும்! நீங்களும் தமிழ்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கோர்ஸ் முடிஞ்சப்போ நேர்ல சொல்ல முடியல. அவங்கள தெரிஞ்சவங்க யாராவது இத காட்டுங்க ப்ளீஸ். ரொம்ப ரொம்ப நன்றிக்கா.